ஜெர்மானியவியல் பட்டப்படிப்பும் மொழித் தொலைவும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகப் பயிலும் துறை ஜெர்மனியில் ‘கெர்மானிஸ்டிக்’ எனப்படுகிறது. தமிழில் இதனை ஜெர்மானியவியல் எனலாம். தேசிய உணர்வின் விளைவாகத் தோன்றிய இத்துறை, 1933இல் அவ்வுணர்வின் கருவியாக மாறியது. 1966இல் தன் வரலாற்றைத் தானே விசாரணைக்கு உட்படுத்தியது. இவ்வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு, இப்பட்டப்படிப்பின் கூறுகளுள் பயனற்றது என்று மாணவரால் அடிக்கடி ஐயுறப்படும் பழைய ஜெர்மன் பாடத்தின் இடத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தாய்மொழியை அயல்மொழியைப்போல் விலகி நின்று நோக்கும் பயிற்சியே இப்படிப்பின் உட்கரு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஜெர்மானியவியல், கிரிம் சகோதரர்கள், நிபெலுங்கென்லீட், நடுக்கால உயர் ஜெர்மன், தேசியம், பாடத்திட்டம்

முன்னுரை

ஒரு நாட்டின் மொழியை அந்நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பாக ஏன் பயில வேண்டும் என்பது எளிய வினா. அதற்கான விடை எளியதன்று. மருத்துவம் பயில்பவர் அதுவரை அறியாத ஒன்றை அறிய வருகிறார். பெர்லினிலோ கோட்டிங்கனிலோ ஜெர்மானியவியலில் சேரும் ஜெர்மானிய மாணவரோ, தாம் பிறந்தது முதல் பேசிவரும் மொழியைப் பயில வருகிறார். அவருக்குக் கற்பிக்கப்படுவது யாது? பள்ளி ஆசிரியர் பணிக்கான தகுதி என்பது ஒரு விடை. இத்துறை மாணவரில் கணிசமானோர் அப்பணியை நாடியே வருகின்றனர். இலக்கிய மரபைக் காத்தல் என்பது மற்றொரு விடை. இவ்விரு விடைகளும் உண்மையே ஆயினும் போதுமானவை அல்ல. இத்துறையின் இருநூறு ஆண்டு வரலாற்றில் மரபைக் காப்பதாகக் கூறியவர்களே அம்மரபுக்குப் பெருங்கேடு விளைவித்த தருணங்கள் உண்டு. எனவே, எதைப் பயிற்றினார்கள் என்பதோடு எவ்வாறு பயிற்றினார்கள் என்பதையும் சேர்த்தே இப்பட்டப்படிப்பை மதிப்பிட வேண்டியுள்ளது.

பெயரும் பிறப்பும்

1810இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகத்தில், ஃபிரீட்ரிக் ஹைன்ரிக் ஃபொன் டேர் ஹாகென் ஜெர்மன் மொழி, இலக்கியத்திற்கான பேராசிரியராக அமர்த்தப்பட்டார். பிரஷ்யா நெப்போலியனிடம் தோற்றிருந்த காலம் அது. ஜெர்மனி என்று ஓர் அரசு அப்போது இல்லை. பல சிற்றரசுகளும் பேரரசுகளுமே இருந்தன. அரசால் ஒன்றுபடாத மக்களை மொழியால் ஒன்றெனக் காட்டும் தேவையே புதிய துறைக்கு உயிரூட்டியது.

யாகோப் கிரிம் 1819இல் ‘ஜெர்மன் இலக்கணம்’ நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். பெயர் ஜெர்மன் எனினும், அந்நூல் கோத்திக் முதலிய ஜெர்மானிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தது. ‘கெர்மானிஸ்ட்’ என்னும் சொல் அதுவரை பெரும்பாலும் ஜெர்மானியச் சட்ட மரபை ஆய்ந்த சட்ட அறிஞரையே சுட்டியது. 1846இல் பிராங்பேர்ட் நகரில் சட்ட அறிஞரும் வரலாற்றறிஞரும் மொழியறிஞரும் கூடிய முதல் கெர்மானிஸ்ட் மாநாட்டில், யாகோப் கிரிம்மின் தலைமையில் அப்பெயர் மூவருக்கும் பொதுவாயிற்று. ஒரே மொழி பேசுவோரின் தொகுதியே ஒரு மக்களினம் என்பது அங்கு அவர் முன்வைத்த வரையறையின் சாரம். இரண்டாண்டுகளுக்குப்பின் அதே நகரின் பவுல் தேவாலயத்தில் கூடிய தேசிய மன்றத்தில் அவரும் உறுப்பினராக அமர்ந்தார்.

தொடக்ககாலத் தேசியத்தைப் பிற்காலத் தேசியவெறியோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. 1837இல் ஹனோவர் மன்னர் அரசமைப்பை நீக்கியபோது அதனை எதிர்த்துப் பதவியிழந்த கோட்டிங்கன் பேராசிரியர் எழுவருள் கிரிம் சகோதரர் இருவரும் அடங்குவர். அவர்களுக்கு மொழியும் மக்கள் உரிமையும் ஒரே கோரிக்கையின் இரு முகங்களாக இருந்தன. ஆனால், மொழியை வைத்து மக்களை வரையறுக்கும் கோட்பாட்டில் ஓர் இடர்ப்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. ‘நம் மொழி’ என்று ஒன்றை வகுத்தவுடன் ‘நாம் யார்’ என்று தீர்ப்பளிக்கும் அதிகாரமும் அம்மொழியின் ஆய்வாளருக்கு வந்து சேர்கிறது. அந்த அதிகாரத்தை அவர் எவ்வாறு கையாள்வார் என்பதற்கு அக்கோட்பாட்டுக்குள் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

ஒரு காவியம் பெற்ற இரு வாசிப்புகள்

இந்த இடர்ப்பாட்டை விளக்க நிபெலுங்கென்லீட் காவியத்தின் வரவேற்பு வரலாறு சிறந்த சான்றாகும். கி.பி. 1200ஐ ஒட்டி நடுக்கால உயர் ஜெர்மன் மொழியில் இயற்றப்பட்ட இக்காவியம் பின்னர் மறக்கப்பட்டது. 1755இல் ஹோஹெனெம்ஸ் அரண்மனை நூலகத்தில் அதன் கையெழுத்துப்படி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஃபொன் டேர் ஹாகென் 1807இல் அதனைக் காலத்திற்கேற்ற வடிவில் வெளியிட்டார். 1815இல் போர்வீரர் களத்திற்கு எடுத்துச் செல்வதற்கென்றே ஒரு பதிப்பை ஆகுஸ்ட் சொய்னெ வெளியிட்டார். 1826இல் கார்ல் லாக்மான் செம்பதிப்பு முறையில் அதனைப் பதிப்பித்தார். ஒரே நூல் ஒருபுறம் படைக்கல மூட்டையிலும் மறுபுறம் பாடபேத ஆய்வாளரின் மேசையிலும் இடம்பெற்றது. இத்துறையின் இரட்டை இயல்பு இங்கேயே தெளிவாகிறது.

முதல் வகை வாசிப்பு அரசியலில் வேரூன்றியது. 1909இல் ஆஸ்திரியா–ஹங்கேரியுடனான கூட்டணியைக் குறிக்க, அரசுத் தலைவர் பியூலோ ‘நிபெலுங்க விசுவாசம்’ என்னும் தொடரைப் பயன்படுத்தினார். 1943 சனவரி 30 அன்று, ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை அழிந்துகொண்டிருந்த வேளையில், ஹெர்மன் கோரிங் தம் உரையில் எரியும் மண்டபத்தில் இறுதிவரை போரிட்ட நிபெலுங்கரை அப்படைக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

காவியத்தை முழுமையாகக் கற்றவருக்கு இந்த உவமையின் குறை புலப்படும். நடுக்கால உயர் ஜெர்மனில் ‘திரியூவெ’ எனப்படும் விசுவாசம் இக்காவியத்தில் ஒரு தரப்பின் உடைமை அன்று. ஹாகெனை ஒப்படைக்க மறுக்கும் அரசர்கள் விசுவாசத்தால் அழிகின்றனர். அவர்களை அழிக்கும் கிரீம்ஹில்டும் கொலையுண்ட கணவன்மீது கொண்ட விசுவாசத்தாலேயே செயல்படுகிறாள். அக்கணவனாகிய சீக்ஃபிரீடை வஞ்சகமாகக் கொன்றவனும் அதே ஹாகென்தான். ஒரே அறம் இரு தரப்பையும் பேரழிவுக்கு இட்டுச் செல்லும் அவலத்தையே காவியம் பாடுகிறது. முதன்மைக் கையெழுத்துப்படிகளில் அதனைத் தொடர்ந்து ‘புலம்பல்’ என்னும் தனிநூல் இடம்பெறுவதும் இங்கு நோக்கத்தக்கது. மேடைப் பேச்சு, அழிவைப் பெருமையாக மாற்றிக்கொண்டு புலம்பலை விட்டுவிட்டது.

1933: துறையின் வீழ்ச்சி

மேடைப் பேச்சாளரின் பிழையைத் துறையின் பிழையாகக் கொள்ளலாமா என்ற வினா இங்கு எழும். 1933 மே 10 அன்று ஜெர்மானியப் பல்கலைக்கழக நகரங்களில் நூல்கள் எரிக்கப்பட்டன. பான் நகரில் அந்நிகழ்வில் உரையாற்றியவர்களுள் ஹன்ஸ் நௌமானும், கோட்டிங்கனில் உரையாற்றியவர்களுள் கெர்ஹார்ட் ஃபிரிக்கெயும் இருந்தனர். இருவரும் ஜெர்மானியவியல் அறிஞர்கள். நௌமான் நடுக்கால இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை உடையவர். புலமைக் குறைவால் அவர்கள் வழிதவறினர் என்று கூற இயலாது.

அதே ஆண்டுகளில் துறையிலிருந்து வெளியேற்றப்பட்டோரின் நிலையும் கருதத்தக்கது. அகாதே லாஷ் ஜெர்மனியில் ஜெர்மானியவியல் பேராசிரியரான முதல் பெண்மணி. அவர் 1914இல் வெளியிட்ட நடுக்காலத் தாழ் ஜெர்மன் இலக்கணம் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஹாம்பர்க் நகரப் பேச்சுவழக்குக்கான அகராதிப் பணிக்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர். யூதர் என்பதால் 1934இல் பணிநீக்கம் செய்யப்பட்ட அவர், 1942இல் ரீகாவுக்கு நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். வட ஜெர்மானிய மக்களின் பேச்சைச் சொல் சொல்லாகத் திரட்டிக் காத்த அறிஞரை, மக்களின் ஆன்மாவைக் காப்பதாகக் கூறிய அரசு கொன்றது. மொழியே மக்களினத்தின் அளவுகோல் என்ற 1846ஆம் ஆண்டின் வரையறையை இனக்கொள்கை இவ்வாறு வீழ்த்தியது. அவ்வரையறையின் வாரிசுகளாகிய துறையினரிடமிருந்து இதற்குப் பரவலான எதிர்ப்பு எழவில்லை.

மியூனிக் 1966

போருக்குப்பின் இத்துறை நீண்டகாலம் தன் கடந்தகாலத்தைப் பேசாமலே இயங்கியது. நூலின் உள்ளமைப்பை மட்டும் நோக்கும் வாசிப்பு முறை அப்போது செல்வாக்குப் பெற்றது. அம்முறைக்கு அதற்கான இலக்கியப் பயன் உண்டு. அதே சமயம் வரலாற்றைத் தவிர்க்க அது வசதியாகவும் அமைந்தது. 1933இல் ஹைடல்பெர்க் பணியை இழந்து புலம்பெயர்ந்து, பின்னர் நாடு திரும்பிய ரிச்சர்ட் ஆலெவின், 1949ஆம் ஆண்டு கோதே நினைவு விழாக்களின்போதே, கோதேயைக் குற்றத்திற்கு மறைப்பாக ஆக்கிக்கொள்ளலாகாது என்று எச்சரித்தார். கோதே வாழ்ந்த வைமார் நகருக்கு அருகிலேயே புகென்வால்ட் வதைமுகாம் அமைந்திருந்ததை நினைவிற்கொண்டால் அவ்வெச்சரிக்கையின் பொருள் விளங்கும்.

1966இல் மியூனிக்கில் நடந்த ஜெர்மானியவியல் மாநாடு இம்மௌனத்தை உடைத்தது. எபர்ஹார்ட் லெம்மெர்ட், வால்டர் கில்லி, கார்ல் ஓட்டோ கோன்ராடி, பீட்டர் ஃபொன் போலென்ஸ் ஆகியோரின் ஆய்வுரைகள் அடுத்த ஆண்டே நூலாக வெளிவந்தன. துறைக்கும் தேசியவாதத்திற்கும் இருந்த உறவே அவற்றின் பொருள். இவற்றுள் போலென்ஸின் ஆய்வு தமிழ் வாசகரின் கவனத்திற்கு உரியது. 1885இல் தோன்றிய ஜெர்மன் மொழிச் சங்கம் அயற்சொற்களை நீக்குவதைத் தன் பணியாகக் கொண்டிருந்தது. 1933இல் அது புதிய ஆட்சிக்கு ஆர்வத்துடன் துணைநின்றது. ஆயினும் 1940இல் அவ்வாட்சியே வலிந்த தூய்மையாக்கத்தை ஆணையிட்டு நிறுத்தியது. அயற்சொற்களின் மங்கலான பொருள் ஆட்சியாளருக்குப் பயன்பட்டது. சொல்லின் பிறப்பைக் காவல் காத்தவர்கள் சொல்லின் பயன்பாட்டைக் கவனிக்கத் தவறினர் என்பது இதனால் பெறப்படும்.

மியூனிக் மாநாட்டின் சிறப்பை ஒப்புக்கொள்ளும்போதே, சுயவிசாரணையின் எல்லையையும் குறிப்பிடுதல் வேண்டும். ஹன்ஸ் ஷ்வெர்ட்டே என்பவர் ஃபவுஸ்ட் கதைமாந்தரைச் சுற்றி வளர்ந்த ஜெர்மானியக் கருத்தியலை விமர்சித்து 1962இல் நூலெழுதியவர். ஆஹென் உயர்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். அவருடைய இயற்பெயர் ஹன்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் என்பதும், அவர் எஸ்.எஸ். அமைப்பில் பதவி வகித்தவர் என்பதும் 1995இல் வெளிப்பட்டன. விமர்சன முறையும் ஒரு முகமூடி ஆகலாம் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. சரியான கோட்பாட்டைக் கைக்கொள்வதால் மட்டும் ஒரு துறை தூய்மை பெற்றுவிடாது.

சொல் தரும் தொலைவு

இவ்வரலாற்றுக்குப்பின் பட்டப்படிப்பின் உள்ளடக்கத்தை நோக்கலாம். ஜெர்மானியவியல் பொதுவாக மூன்று கூறுகளாகப் பயிற்றப்படுகிறது: மொழியியல், புதுக்கால இலக்கியம், பழைய ஜெர்மன் மொழியும் இலக்கியமும். இவற்றுள் மூன்றாவதே மாணவருக்குக் கடினமானதாகவும் அவர்களின் முணுமுணுப்புக்கு உரியதாகவும் இருந்துவருகிறது. காஃப்காவைப் பயில வந்தவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட மொழியின் வினைத்திரிபுகள் எதற்கு என்பது அவர்களின் வினா.

அப்பாடத்தில் மாணவர் முதலில் கற்பது, தமக்குத் தெரிந்த சொற்கள் தமக்குத் தெரியாதவை என்பதையே. இன்று திருமணத்தைக் குறிக்கும் ‘ஹோக்ட்ஸைட்’ என்பதன் பழைய வடிவம் எவ்வகைப் பெருவிழாவுக்கும் உரியது. இன்று வேலையைக் குறிக்கும் ‘ஆர்பைட்’ அன்று துன்பத்தையும் கடும்பாட்டையும் குறித்தது. நிபெலுங்கென்லீட் காவியத்தின் முதற்பாட்டிலேயே அது அப்பொருளில் வருகிறது. இன்று கோழையைக் குறிக்கும் ‘ஃபைகெ’ அன்று சாவு விதிக்கப்பட்டவரைக் குறித்தது. சாவை அறிந்தும் களம் புகும் வீரனைப் பற்றிய அடியில் இச்சொல் வரும்போது, இன்றைய பொருளில் படிப்பவர் வீரனைக் கோழையாக்கிவிடுவார். இன்று எந்தப் பெண்ணையும் குறிக்கும் ‘ஃபிராவ்’ அன்று உயர்குடிப் பெண்ணை மட்டுமே சுட்டியது. அன்று பெண் என்னும் பொதுப்பொருளில் வழங்கிய ‘வைப்’ இன்று இழிபொருள் பெற்றுள்ளது. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல்லின் இன்றைய நிலையை அறிந்த தமிழ் மாணவருக்கு இவ்வனுபவம் புதிதன்று.

இங்கு நிகழ்வது சொற்பொருள் அறிவு மட்டுமன்று. தாய்மொழி தன் உடைமை என்ற உறுதி அம்மாணவரிடம் தளர்கிறது. காவியத்தைத் தம் வேராகக் கொண்டு தம்மை அதில் அடையாளம் காண விரும்பும் வாசிப்பை ஒவ்வொரு அடியிலும் சொல் தடுத்து நிறுத்துகிறது. அகராதியைத் திறந்தால் மட்டுமே வழி திறக்கும் என்ற நிலையில், அம்மூதாதையர் அயலவராகின்றனர். இதனையே இக்கட்டுரை மொழித் தொலைவு என்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நௌமான் இப்பாடத்தில் வல்லவர். ஆயினும் அத்தொலைவு அவரைக் காக்கவில்லை. இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. பழைய ஜெர்மனைக் கற்பதால் மட்டும் தொலைவு உண்டாவதில்லை. அதே பாடத்தை வேர் என்றும் கற்பிக்கலாம், அயல் என்றும் கற்பிக்கலாம். சொற்களுக்கிடையே உள்ள தொடர்ச்சியை மட்டும் காட்டி ஆயிரம் ஆண்டுகளாக மாறாத ஓர் ஆன்மாவைக் கட்டமைப்பது முதல் வழி. தொடர்ச்சியோடு முறிவையும் காட்டுவது இரண்டாம் வழி. 1945க்கு முன் முதல் வழி மேலோங்கியிருந்தது என்பதற்காகப் பாடத்தையே கைவிட்டால், இரண்டாம் வழிக்கான களமும் இல்லாமற்போகும். அதன்பின் காவியத்தை மேடைப் பேச்சாளர் எவ்வாறு பயன்படுத்தினாலும், மூலத்தைக் கொண்டு மறுக்கக்கூடியவர் அருகிவிடுவர்.

வெளியிலிருந்து வருவோர்

ஜெர்மானிய மாணவர் முயன்று பெறவேண்டிய இத்தொலைவு, ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவருக்கு இயல்பாகவே அமைந்துள்ளது. லைப்சிக் நகரின் ஹெர்டர் நிறுவனத்தில் 1969இல் கெர்ஹார்ட் ஹெல்பிக் அயல்மொழியாக ஜெர்மன் என்னும் துறையின் பேராசிரியரானார். மியூனிக்கில் 1978இல் ஹரால்ட் வைன்ரிக் அதே துறைக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். தாய்மொழியாளர் தம்மையறியாமல் பின்பற்றும் விதிகள் பல, அயலார் எழுப்பும் வினாக்களாலேயே இலக்கண நூல்களில் தெளிவு பெற்றன.

இலக்கியத்திலும் இதுவே நிலை. பிராகா நகரின் காஃப்கா, செர்னோவிட்ஸில் பிறந்து பாரிசில் வாழ்ந்த செலான், பல்கேரியாவில் பிறந்து 1981இல் நோபல் பரிசு பெற்ற கனெட்டி ஆகியோரை நீக்கிவிட்டால் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மன் இலக்கியம் மிகச் சுருங்கிவிடும். ஜப்பானில் பிறந்த யோகோ தவாதா, ஹாம்பர்க்கில் ஜெர்மன் இலக்கியம் பயின்று சூரிச்சில் முனைவர் பட்டம் பெற்றவர். இரு மொழிகளிலும் எழுதும் அவருக்கு 2016இல் கிளைஸ்ட் பரிசு வழங்கப்பட்டது. துருக்கியில் பிறந்த எமினெ செவ்கி எஸ்தாமார் 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் உயரிய விருதாகிய பியூக்னர் பரிசைப் பெற்றார். ஒரே மொழி பேசுவோர் ஒரே மக்களினம் என்ற 1846ஆம் ஆண்டின் வரையறையை இவர்களின் படைப்புகள் தலைகீழாக்குகின்றன. மொழி இவர்களை ஒரு தேசத்திற்குள் அடைக்கவில்லை. தேசத்திற்கு வெளியே பிறந்த நினைவுகளுக்கு அம்மொழி இடம் கொடுத்திருக்கிறது.

பாடத்திட்டமும் காலமும்

1999ஆம் ஆண்டு பொலோனியா அறிக்கையின் விளைவாக ஜெர்மனியின் பழைய ‘மகிஸ்டர்’ படிப்பு இளங்கலை, முதுகலை என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இளங்கலைப் படிப்பு பொதுவாக ஆறு பருவங்களும் 180 தகுதிப் புள்ளிகளும் கொண்டது. அதிலும் பலர் இரு பாடங்களை இணைத்துப் பயில்கின்றனர். ஊடகவியல், பண்பாட்டியல், மொழி கற்பித்தல் எனப் புதிய தேவைகள் உள்ளே வரும்போது எதைச் சுருக்குவது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. உடனடிப் பயன் என்னும் அளவுகோலில் பழைய ஜெர்மனே முதலில் சுருக்கத்திற்கு இலக்காகும்.

கால நெருக்கடி உண்மையானது. அதனை மறுத்துப் பயனில்லை. ஆயினும் சுருக்கத்தின் முறை விவாதத்திற்குரியது. வினைத்திரிபு அட்டவணைகளை மனப்பாடம் செய்யும் பகுதியைக் குறைத்தல் இழப்பாகாது. ஒரு மூலநூலின் சில பகுதிகளையேனும் கையெழுத்துப்படிகளின் வேறுபாடுகளோடும், பிற்கால அரசியல் அதனைக் கையாண்ட வரலாற்றோடும் சேர்த்துப் பயிலும் வாய்ப்பைக் குறைத்தலே இழப்பாகும். லாக்மானின் பதிப்பையும் சொய்னெயின் படைவீரர் பதிப்பையும் அருகருகே வைத்துப் பயிலும் ஒரு பருவம், தேசியம் பற்றிய பொது விரிவுரைகள் பலவற்றைவிடப் பயன் தரும்.

முடிவுரை

ஜெர்மானியவியல் பட்டப்படிப்பு ஒரு மொழியின் புகழைப் பாடும் கல்வியாகத் தொடங்கி, அம்மொழியால் இழைக்கப்பட்ட தீங்குகளையும் ஆராயும் கல்வியாக வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சி இயல்பாக நிகழவில்லை. அகாதே லாஷ் போன்றோரின் இழப்புக்கும் நீண்ட மௌனத்திற்கும் பின்னரே நிகழ்ந்தது. புலமை மட்டும் ஒரு துறையைக் காக்காது என்பதற்கு நௌமானும், விமர்சனம் மட்டும் காக்காது என்பதற்கு ஷ்வெர்ட்டேயும் சான்றாவர். எந்தப் பாடத்திட்டமும் அறத்திற்கு உறுதியளிக்க இயலாது. பாடத்திட்டத்தால் இயல்வது ஒன்று உண்டு: தம் மொழியின் பழஞ்சொல் ஒன்றின் முன் மாணவரை நிறுத்தி, அதன் பொருள் தமக்குத் தெரியாது என்பதை உணரச் செய்து, தேடவைத்தல். அப்பயிற்சி பெற்றவர், ஒரு மக்களினத்தின் பெயரால் பேசுவோரிடம் மூலத்தைக் காட்டுமாறு கேட்பார். தாய்மொழியைப் பட்டப்படிப்பாகப் பயில்வதற்கு இதைவிடத் தக்க காரணம் தேவையில்லை. குறைந்துவரும் பாடவேளைகளுள் பழைய மொழிக்கான இடத்தை முடிவு செய்வோர் கருத்திற்கொள்ள வேண்டியதும் இதுவே.